ஏழு சுற்று வித்தியாசம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்தத் தாளின் தலைப்பில் அதிகாரி எழுதிக்கொண்டபடி சரியானவை. வயது முப்பத்து நான்கு. திருமணம் ஆகவில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் பின் தெருவில், தையல் கடைக்கு மேல் உள்ள மாடி வீட்டில் குடியிருந்து வருகிறேன். அதே தெருவின் மறுகோடியில் உள்ள கார் பட்டறையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், வீல் அலைன்மென்ட் ஆகியவை என் பொறுப்பு. பட்டறையில் என்னை ஸ்பிரிங்கக்கா என்று கூப்பிடுவார்கள், என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

என் மேல் புகார் கொடுத்திருப்பவர் என் அக்காவின் கணவர். மாமா என்று கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன், அது பழக்கதோஷம், மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடிபட்ட கார்களின் தகட்டைத் தட்டி நிமிர்த்தி, வர்ணம் பூசிக் கொடுக்கும் டிங்கர் அவர். எங்கள் பட்டறையிலிருந்து நான்கு தெரு தள்ளிச் சொந்தக் கொட்டகை வைத்திருக்கிறார். தகட்டு வேலையில் அவர் கையைக் குறை சொல்ல முடியாது. ஸ்பிரிங் வேலை அவருக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் நான் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. வயது இருபத்தேழு. பதினோரு மாதங்களுக்கு முன் ஒரு காலையில், நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, சுமார் ஆறு இருபதுக்குத் தன் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும்போது, தண்ணீர்த் தொட்டி வளைவில் ஒரு கார் அவனை இடித்துவிட்டு நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கி நிற்காமல் போய்விட்டது. ஏழு மணிக்கு ஒரு வேன் ஓட்டுநர் பார்த்துத் தூக்கினார். அப்போதும் மூச்சு இருந்ததாக அவர் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. முன்னமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் இதே நிலையத்தில் இருக்கிறது. உடைந்த நடைபாதைக் கல்லை அளந்துபோனவர்களும் நீங்கள்தான். இடது சக்கரம் ஏறியிருக்கிறது என்று அப்போதே சொன்னீர்கள், அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று தகவல் வந்தது மாமாவின் போனுக்கு. எனக்குச் சொன்னவர் அவர். தம்பியைத் தூக்கும்போது முதல் ஆளாகத் தோள் கொடுத்தவர் அவர். இதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். எனக்குத் தேவை, எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சென்ற திங்கட்கிழமை காலை மாமா தன் காரை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். முன் இடது பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து ஓட்டும்போது தட்டல் கேட்டது. புதிய காயிலோவர் செட் ஒன்றை வாங்கி டிக்கியில் வைத்திருந்தார். அவருக்கு என்னிடம் வர விருப்பம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்காதான் வீட்டில் ஆள் இருக்கும்போது வெளியே எதற்கு என்று ஒரு மாதமாக நச்சரித்து அனுப்பியிருக்கிறாள். காயிலோவர் என்பது ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த சாமான். அதன் உடம்பு முழுக்கத் திருகு மரை இருக்கும். ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வளையம் அந்த மரையில் சுற்றும். வளையத்தை ஏற்றினால் கார் உயரும், இறக்கினால் தாழும். அதன் கீழே இன்னொரு வளையம் பூட்டு மாதிரி. காரைத் தாழ்த்தி ஓட்டும் ஆசை உள்ளவர்கள் போடுவது. மாமா பல வருடமாக அந்த ஆசைக்காரர். தெருவில் அவர் காரைத் தரைதட்டி என்பார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது அவர், "இப்ப இருக்கிற உயரம் மாறக் கூடாதும்மா. இடது பக்கம் கொஞ்சம் கூட ஏத்தி வச்சிருப்பேன், அதையும் அப்படியே வச்சிடு. எனக்கு அப்படி ஓட்டித்தான் பழக்கம்" என்று சொன்னார். ஓட்டுபவரின் எடைக்காக அவர் உட்காரும் பக்கத்தைச் சிலர் ஒரு சுற்று ஏற்றுவது உண்டு. அவர் உட்காருவது வலது பக்கம். இருந்தாலும் சொந்தக்காரர், ஏதோ கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதினேன். முன்னால் இரண்டு பக்கமும் முந்நூற்று நாற்பத்தைந்து மில்லிமீட்டர், மயிரிழை வித்தியாசம் இல்லை. அதன் பிறகு காரைத் தூக்கும் லிஃப்டில் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, பிரேக் ஹோஸை விடுவித்து, கீழ் போல்ட் இரண்டும் மேல் நட்டு மூன்றும் எடுத்து, பழைய காயிலோவர்களை வெளியே எடுத்தேன். பழையதை இறக்கியதும் வளையம் எத்தனையாவது மரையில் நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்வது என் வழக்கம். வலதைவிட இடதில் வளையம் ஏழு சுற்று மேலே நின்றது. அதாவது பதினான்கு மில்லிமீட்டர். இடதுபக்கம் பதினான்கு மில்லிமீட்டர் ஏற்றியிருந்தும் கார் சமமாக நின்றிருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு காரின் உடம்போடு பிடிக்கும் மேல் மவுண்டை எடுத்துப் புதியதில் மாட்டுவதற்காக, பழைய இடது ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றினேன். ஸ்பிரிங்குக்கும் அடித் தட்டுக்கும் நடுவில் கிரீஸும் மண்ணும் அப்பிய ஒரு பிளாஸ்டிக் துண்டு சிக்கியிருந்தது. வெள்ளரிக்காயை நீளவாக்கில் சீவிய தோல் போல வளைந்திருந்தது. தட்டல் சத்தத்துக்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது என்று நட்டுத் தட்டில் போட்டு வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை புதியவற்றை இரண்டு பக்கமும் ஒரே மரையில் வைத்து மாட்டி, காரை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பானட்டை அமுக்கி ஸ்பிரிங்கை உட்காரவிட்டு அளந்தேன். வலது முந்நூற்று நாற்பத்தைந்து. இடது முந்நூற்று முப்பத்தொன்று. புதிய ஸ்பிரிங்கும் தளருமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டையும் கழற்றி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டேன். அப்போதும் இடதே தாழ்ந்தது. குறை ஸ்பிரிங்கில் இல்லை, காரின் உடம்பில் இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு பானட்டைத் திறந்து, காயிலோவரின் தலை வந்து மாட்டும் இடத்தை, அதாவது டவரை, துணியால் துடைத்து அதன் மேல் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். வலது டவர் மட்டமாக இருந்தது. இடது டவர் மேலே புடைத்திருந்தது. சக்கரம் கல்லில் ஏறி அடிவாங்கினால்தான் அப்படிப் புடைக்கும். தலை மேலே போன அளவுக்கு அந்தப் பக்கம் கார் கீழே உட்காரும். அதன் ஓரத்தில் மூட்டை அடைக்கப் பிரஷ்ஷால் பூசிய சீலர் பசை, அதற்கு மேல் சுத்தமான வர்ணம். பார்த்தவுடன் யார் கைவேலை என்று தெரிந்தது. டவரை இழுத்து நிமிர்த்தப் பெரிய மெஷின் வேண்டும், அது வெளியாள் கடையில்தான் இருக்கிறது. வெளியாளிடம் போனால் எங்கே இடித்தாய் என்று கேட்பான். அதனால் வளையத்தை ஏழு சுற்று ஏற்றிக் காரை நிமிர்த்தி வைத்திருக்கிறார்.

அதன் பிறகுதான் நட்டுத் தட்டிலிருந்த துண்டை எடுத்து டீசலில் கழுவினேன். பச்சை நிறம். தம்பி அந்த ஸ்கூட்டரைப் பழையதாக வாங்கியபோது அதற்குப் பச்சை வர்ணம் அடித்துக் கொடுத்தவர் மாமா. நீலத்தையும் மஞ்சளையும் மூன்று நாள் மாற்றி மாற்றிக் கலந்து, இந்தப் பச்சை ஊரில் எவன் வண்டியிலும் கிடையாதுடா மச்சான் என்று பெருமையடித்தார். நான் கை கழுவாமலே வீட்டுக்கு நடந்தேன். மாடிப்படிக்குக் கீழே தம்பியின் ஸ்கூட்டர் இன்னும் இருக்கிறது. அதன் முன் மட்கார்டில் உடைந்து போன இடத்தில் அந்தத் துண்டை வைத்தேன். பொருந்தியது. படியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தையல் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று மாலை பட்டறைக்குத் திரும்பினேன். அப்போது என் மனதில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். காயிலோவரின் கீழ் முனையும் மரையில்தான் நிற்கிறது. அதை இரண்டு மரை மட்டும் பிடிக்கும்படி விட்டுவிட்டால், ஏதாவது ஒரு வளைவில் சக்கரம் கழன்று போகும், எவனும் என்னைக் கேட்க மாட்டான். ஸ்பானரை அதில் மாட்டி இரண்டு சுற்று சுற்றவும் செய்தேன். பிறகு நிறுத்தினேன். நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். அந்தக் காரில் என் அக்காவும் உட்காருவாள். அதுவும் தவிர, அப்படிச் செத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும், யார் எதற்காகச் செய்தார்கள் என்று அவருக்குத் தெரியாமலே போய்விடும். எனக்கு அவருக்குத் தெரிய வேண்டும். சுற்றியதைத் திருப்பி இறுக்கினேன். இப்போது அந்தக் காரில் எல்லா மரையும் பிடித்திருக்கிறது, யாரை வேண்டுமானாலும் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை மதியம் மாமாவைப் போனில் கூப்பிட்டு, கடைசி அளவு எடுக்க வேண்டும், வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள் என்றேன். ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில்தான் கடைசி உயரத்தை அளப்போம், அது அவருக்கும் தெரியும், அதனால் சந்தேகப்படவில்லை. பட்டறை ஓனரும் மற்றவர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை. கார் லிஃப்டின் நான்கு கைகள் மேல் தரையோடு இருந்தது. அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். நான் பொத்தானை அமுக்கினேன். கார் உயர ஆரம்பித்ததும், "என்னம்மா, மாமாவ ராக்கெட்ல ஏத்தி அனுப்புறியா?" என்று சிரித்தார். முழு உயரத்துக்கு ஏற்றிப் பூட்டினேன். அவர் தலை என் தலைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் இருந்தது. கனத்த உடம்பு, வலது முழங்காலில் பிளேட் வைத்திருக்கிறார், குதிக்க முடியாது. கார் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் நான் கீழேயிருந்து, "ஆடாதீங்க மாமா, ஒரு கை சரியா மாட்டல, சரிஞ்சிடும்" என்று சொன்னேன். அது பொய். அவரைப் பயப்படுத்தச் சொன்ன பொய்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து. பச்சைத் துண்டை அவர் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினேன். சிரிப்பு போய்விட்டது. "என் தம்பி ரோட்டுல நாப்பது நிமிஷம் கெடந்தான். நீங்க மெத்து மெத்துனு சீட்லதான் இருக்கீங்க. நாப்பது நிமிஷம் இருங்க, இறக்குறேன்" என்றேன். அவர் முதலில் திட்டினார். அதன் பிறகு மிரட்டினார். அதன் பிறகு கெஞ்சினார். கையில் போன் இருந்தது. போலீஸைக் கூப்பிடுங்கள் மாமா, நம்பர் வேண்டுமானால் நானே சொல்கிறேன் என்றேன். அவர் போலீஸைக் கூப்பிடவில்லை, என் அக்காவைக் கூப்பிட்டார். புகாரில் இதை அவர் எழுதவில்லை என்று அறிகிறேன்.

அக்கா வருவதற்குள் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். யாரை இடித்தோம் என்று தெரிந்துதான் போனீர்களா என்று. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், நின்ற வண்டியில். பிறகு சொன்னார், "பச்சையப் பாத்தேன்." அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பச்சை ஊரில் வேறு எவன் வண்டியிலும் கிடையாது.

ஒன்று முப்பத்தைந்துக்கு அக்கா வந்தாள். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தாள். மேலே பார்த்துவிட்டு என் தோளில் ஓங்கி அடித்து, "பைத்தியமாடி உனக்கு? இறக்குடி அவர" என்று கத்தினாள். நான் அவளிடம் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. சுத்தமாக இருந்த அவள் இடது கையில் அந்தத் துண்டை வைத்தேன். பானட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது, வளையம் எத்தனை சுற்று என்று மட்டும் சொன்னேன். அக்காவுக்குக் கார் வேலை தெரியாது. ஆனால் அவள் துண்டைப் பார்க்கவில்லை, மேலே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நாய்னு சொன்னீங்களே" என்றாள்.

அக்கா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அன்று காலை ஆறே முக்காலுக்கு அவர் வீட்டுக்கு வந்து, நாயை இடித்துவிட்டேன், பார்க்கச் சகிக்கவில்லை, கொஞ்சம் கழுவிவிடு என்றிருக்கிறார். அக்காதான் வாளியும் துணியும் எடுத்துவந்து முன்பக்கத்தைக் கழுவியிருக்கிறாள். அந்த வாயில்லா ஜீவனுக்காக இரக்கப்பட்டு, எங்கே கிடக்கிறது, செத்துவிட்டதா, போய்ப் பார்த்துத் தண்ணியாவது ஊற்றிவிட்டு வாங்களேன் என்று கேட்டிருக்கிறாள். அப்போது மணி ஏழு ஆகவில்லை. அவன் உயிரோடு இருந்தான். அந்த வாரமே கார் கொட்டகைக்குப் போய் நீலத்திலிருந்து சாம்பல் நிறமாகி வந்தது. துக்க வீட்டில் காரின் நிறத்தை யார் பார்க்கிறார்கள்.

ஒன்று ஐம்பது ஆனதும் நான் சொன்ன சொல்லுக்குக் காரை இறக்கப் போனேன். அக்கா பொத்தானுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "இரு. எனக்கு ஒண்ணு தெரியணும்" என்றாள். பிறகு மேலே பார்த்து, "நான் கழுவும்போது நீங்க எங்க நின்னீங்க?" என்று கேட்டாள். அவர், "பக்கத்துலதான்" என்றார். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றாள். அவர், "பைப்பத் தொறந்து விட்டேன்" என்றார். அதன் பிறகும் அக்கா பொத்தானை விட்டு நகரவில்லை. எனக்கு அவளைத் தொடப் பயமாக இருந்தது. இரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு, எதை அமுக்க வேண்டும் என்று என்னைக் கேட்டாள். காட்டினேன். அவளே இறக்கினாள். அவர் கதவைத் திறந்து இறங்கும்போது முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேருமே கை கொடுக்கவில்லை. எழுந்து நொண்டிக்கொண்டே ஆட்டோவைப் பிடித்தார். நேராக இங்கே வந்து, மச்சினிச்சி தன்னை ஐம்பத்திரண்டு நிமிடம் அந்தரத்தில் அடைத்து வைத்துக் கொலைமிரட்டல் விட்டதாகப் புகார் கொடுத்திருக்கிறார்.

பழைய காயிலோவர் இரண்டும், பச்சைத் துண்டும், நான் அளவெடுத்து எழுதிய தாளும் ஒரு சாக்குப் பையில் அதிகாரியிடம் ஒப்படைத்திருக்கிறேன். கார் பட்டறையில் நிற்கிறது. இரண்டு வளையமும் ஒரே மரையில் இருக்கின்றன, அதனால் இடது பக்கம் பதினான்கு மில்லிமீட்டர் சரிந்து நிற்கிறது. நிமிர்த்தித் தரச் சொன்னார், நிமிர்த்தவில்லை. இனி அந்தக் காரை எவனும் நிமிர்த்த விட மாட்டேன். அந்தரத்தில் பயத்தில் உளறியது செல்லாது என்று அவர் வக்கீல் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். செல்லாவிட்டால் அவர் மேலிருந்து சொன்ன வரிகளை அடித்துவிடுங்கள். டவர் பயத்தில் புடைக்கவில்லை.

அவரை யோசித்து அடைத்து வைத்தது உண்மை. பொய் சொல்லிப் பயமுறுத்தியது உண்மை. அதற்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அவர் மேலே வியர்த்துக்கொண்டு கெஞ்சியதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பதினோரு மாதத்தில் முதல் தடவையாக. அதையும் எழுதச் சொன்னேன், அதிகாரி தயங்கினார், பிறகு எழுதினார்.

இன்று காலை மாமா இங்கே வந்து, இது குடும்ப விஷயம், நான் ஒரு மன்னிப்புக் கேட்டால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார் என்று அதிகாரி தெரிவித்தார். உனக்கும் நல்லதுதானே, யோசித்துச் சொல் என்றார். நான் யோசித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். என் பேரில் உள்ள புகாரை அவர் வாபஸ் வாங்கவும் கூடாது. அதைக் கிழித்துப் போட்டால் அவரைக் கூண்டில் நிறுத்த வேறு வழி இல்லை. என் மேல் வழக்கு நடக்கட்டும். அவர் வந்து சாட்சி சொல்லட்டும். உன் மச்சினிச்சி உன்னை எதற்காக அத்தனை உயரத்தில் தூக்கி வைத்தாள் என்று யாராவது ஒரு நீதிபதி அவரைக் கேட்டே ஆக வேண்டும்.

ஐம்பத்திரண்டு நிமிடத்தையும் என் பேரிலேயே எழுதிக்கொள்ளும்படி முதலில் கேட்டேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிப் பன்னிரண்டு நிமிடம் தன்னுடையது என்றும், அதைத் தானே சொல்வதாகவும், அன்று காலை வாளியில் எத்தனை தரம் தண்ணீர் மாற்றினாள் என்பதையும் சேர்த்துச் சொல்வதாகவும், அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

மேலே கண்டதெல்லாம் யாரும் வற்புறுத்தாமல், சுய புத்தியோடு நான் சொல்ல எழுதப்பட்டது. வரி வரியாக வாசித்துக் காட்டினார்கள். "ஆத்திரத்தில்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை "யோசித்து" என்று திருத்தச் சொல்லி, திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றபடி எல்லாம் உண்மை.

(ஒப்பம்)